மலையில் கணவாய்

என் பிள்ளைக்கு,

நேரில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் எழுதி உன் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன். உனக்குத் தமிழ் வாசிக்கக் கஷ்டம்தான், எழுத்துக்கூட்டி மெல்ல வாசி.

உன் அண்ணா போன அன்று எனக்காகத் தமிழில் சொல் தேடி, "அல்ப்ஸ் மலையில கணவாய் பாக்கப் போறன் அம்மா" என்றான். "கணவாய் கடலிலையல்லோடா இருக்கு? பிடிச்சுக் கொண்டு வா, கறி வைப்பம்" என்றேன். எங்கள் ரொக்ஸ்பரோ ரயில் ஸ்டேசனில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கச் சிரித்தான். இரண்டு மலைக்கு நடுவில் போகிற வழிக்கும் அதுதான் பேராம்.

அவன் உயிரோடு திரும்பவில்லை. பெட்டியில் கட்டி அனுப்பிய அவனுடைய சைக்கிளில் ஒரு கீறலும் இல்லை. பனியைக் கண்டு அதை நிறுத்திவிட்டு நடந்துதான் மேலே போயிருக்கிறான்.

இப்போது நீ அதே சைக்கிளோடு அதே வழிக்குப் போகிறேன் என்று நிற்கிறாய். மறித்தால் சொல்லாமல் போவாய், எனக்குத் தெரியும். போ. ஆனால் சைக்கிள் போகாத இடத்துக்கு நடந்து போகாதே. அண்ணா அதை நிறுத்திய இடத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பு.

ஒரு வருடமாக இந்த வீட்டில் கணவாய் சமைக்கவில்லை. நீ திரும்பி வந்தால் சமைப்பேன்.

வந்தால் இல்லை, வந்தவுடன்.

அம்மா