தவளைக்குப் பயந்தவள்

ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. கல்லறைத் திருநாளுக்கு உன் கல்லறைக்கு நான்தான் வெள்ளையடித்தேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. ரவிக்கைக் கையில் ஒரு நூல் பிசகினாலே பிரித்துத் தைக்கிறவள் நீ, பார்த்திருந்தால் திட்டியிருப்பாய்.

தொண்ணூற்றொன்றில் கோயில் இளைஞர் குழுவுக்கு நாம் இருவரும் பொறுப்பு. திருநாளன்று ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கல்லறையருகே நின்று, உள்ளே இருப்பவரைப் பற்றி ஒரு சங்கதியாவது சொல்ல வேண்டும் என்றாய். மெழுகுவத்தி கொளுத்தி, பூப்போட்டு, அரை மணியில் வீடு திரும்புகிற ஊர். யார் நின்று கேட்பார்கள் என்று சண்டை பிடித்தேன். உண்மையில் குழுவில் இருந்த ரோசியை நினைத்துத்தான் எனக்குப் பயம். அவளைப் பெற்ற மூன்றாம் நாளே தாய் போய்விட்டாள். தகப்பன் பதினைந்து வருஷமாக மனைவியின் பேரைக்கூட எடுத்ததில்லை. அவளை மட்டுமாவது விட்டுவிடு என்று கெஞ்சினேன். நீ கேட்கவில்லை.

பயந்தபடியே ஆயிற்று. தாயின் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்ற ரோசி, "எங்கம்மாவப் பத்தி எனுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றாள். உன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நீயோ நிதானமாகச் சொன்னாய்.

"உனுக்குத் தெரியலன்னா இன்னா? தெரிஞ்சவங்க நிக்கிறாங்க பாரு."

ரோசியின் தாய் பிறந்த ஊரான வடக்குப்பட்டிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் முன்னால் வந்தார். பூசையில் சிரிப்பை அடக்க முடியாமல் பெஞ்சு முழுவதையும் அந்தத் தாய் சிரிக்க வைத்த கதையைச் சொன்னார். பிறகு, தள்ளி நின்றிருந்த தகப்பன் வாயைத் திறந்தார்.

"தவளன்னா பயம் அவளுக்கு. நாத்து நட வந்தா வரப்ப வுட்டு எறங்கவே மாட்டா."

ரோசி அழுதுகொண்டே சிரித்தாள். "எனுக்கும் பயம்தாம்பா."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. தாய் முகம் பாராத பெண்ணிடம் தாயின் பயம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த மனுஷன் தானாக வாய் திறந்ததே ஆண்டவர் நடத்திய அற்புதம் என்று இத்தனை வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் உன்னைப் பற்றிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள் நீ. நான்தான் போய் நின்றேன். அப்போது ரோசி பக்கத்தில் வந்தாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறவள், ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள்.

"அப்பா சாவறதுக்கு முன்னாடி சொன்னாரு. அந்தத் திருநாளுக்கு முந்தி ஒரு வாரம் இந்த அக்கா தெனம் வூட்டாண்ட வந்து குந்திகினு, ஒரே ஒரு சங்கதி சொல்லுன்னு கேட்டுகினே இருந்தாங்களாம். வடக்குப்பட்டுக்கும் நடந்தே போனாங்களாம்."

என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா நீ? நான் கெஞ்சியபோதுகூட வாய் திறக்கவில்லையே. அற்புதம் என்று நான் சொல்லித் திரிந்ததை வீடு வீடாக நடந்து சேர்த்தவள், தையல் மிஷின் முன்னால் ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாய். வெள்ளை காயாத உன் கல்லறை முன்னால் மலைத்துப்போய் நின்றேன்.

குழுவில் இப்போது ஜெனி என்று ஒரு பெண் இருக்கிறாள். இறந்துபோன தகப்பனைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. அவரோடு வேலை செய்தவர்கள் மறைமலை நகரில் இருப்பதாக விசாரித்தேன். முட்டி வலிதான். நேற்று பஸ் ஏறிப் போய் முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

ஜெனியிடம் சொல்லவில்லை.