நாயாற்று வாய்

அன்புள்ள அண்ணை,

இன்று காலை கந்தோரில் வரைபடங்களுக்கு நீலப்பிரதி எடுக்கும் அறையைத் திறந்தார்கள். அமோனியா நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்தது. கூடவே என்மீது அருவருப்பும் வந்தது.

நாயாற்றில் கடல்நீரைக் காய்ச்சி, யாழ்ப்பாணப் பட்டணத்துக்குக் குழாயில் குடிநீர் அனுப்பும் அந்தப் பெரிய திட்டத்தை மறுபடி தூசி தட்டுகிறார்கள். முதல்முறை அதற்கு நீங்கள் நிலம் அளந்தீர்கள். நான் படம் வரைந்தேன். மிஞ்சும் கடும் உப்புநீரைக் கடலிலா, கரையோரக் காயலான களப்பிலா, எங்கே விடுவது என்பதில்தான் சிக்கல். தலைமைப் பொறியாளர் மார்கழியில் வந்தார். சப்பாத்து நனையாத தூரத்தில் நின்றுகொண்டு, "களப்பின்ர வாய் திறந்திருக்கோ?" என்று ஒரு மீனவரிடம் கேட்டார்.

"ஓம் ஐயா, இப்ப திறந்துதான் கிடக்கு. மழைக்கு நாங்கள்தானே மணலை வெட்டிவிட்டனாங்கள்."

'ஓம்' என்பதோடு அவர் காது அடைத்துவிட்டது. "கழிவைக் களப்புக்குள்ள விடுங்கோ, கடல் இழுத்துக்கொண்டு போகும்" என்றார். பிறகு அந்த மீனவர் வீட்டு இறால் பொரியலை விரல் நக்கித் தின்றார்.

நீங்கள் விடவில்லை. "ஆடியில வந்து பாருங்கோ ஐயா. வாயை மணல் மூடியிருக்கும். விடுற உப்பெல்லாம் உள்ளுக்குத்தான் நிக்கும். இறால் செத்தால் இந்தச் சனம் என்னத்தைத் தின்னும்?" என்றீர்கள். 'கோடையில் வாய் அடைபடும்; கழிவைக் களப்பில் விடக்கூடாது' என்று படத்திலேயே எழுதிக் கையொப்பமும் இட்டீர்கள்.

அவர் என்னைத் தனியே கூப்பிட்டு அந்த வரியை எடுக்கச் சொன்னார். மூலப்படம் இருந்த வரைதுணியில் அந்த மையைப் பிளேடால் சுரண்டினேன். கையொப்பத்தை மட்டும் விடச் சொன்னார், விட்டேன். களப்பைக் கெடுக்க நீங்களே சம்மதித்ததாக ஆயிற்று. அதைக் கண்டபோது, "உமக்குப் பிள்ளை குட்டி இருக்கு, விளங்குது" என்று மட்டும் சொன்னீர்கள். செவிட்டில் அறைந்திருக்கலாம்.

ஏதோ காரணம் சொல்லித் திட்டத்தை அப்போது கிடப்பில் போட்டார்கள். உங்கள் செத்தவீட்டுக்கு அந்தப் பொறியாளரும் வந்தார். "எங்கட திட்டத்துக்குத் தோள் குடுத்த மனிசன்" என்று பேசினார். நாயாற்றில் இருந்து வந்தவர்கள், நீங்களும் சம்மதித்தீர்களோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். தூ!

இன்று பிரதி எடுக்க அதே துணியை என்னிடம் தந்தார்கள். உங்கள் எழுத்தில் எனக்கு மனப்பாடமாக இருப்பது நான் அழித்த அந்த வரிதான். மை தொட்டு அதே இடத்தில் எழுதினேன். 'இதை முன்பு அழித்தவன் நானே' என்று என் பெயரையும் போட்டேன்.

துணிவு என்று நினைத்துவிடாதீர்கள், அண்ணை. எனக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு மாதந்தான் இருக்கிறது.