அப்பா பஸ்ஸில் வந்தார்

12.8.2006, சனி

புதுக் காரில் அப்பாவை இன்றைக்குத்தான் முதல்முறையாக மலைக்குக் கூட்டி வந்தேன். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டியதும் கியர் மாற்ற மாற்ற வண்டி சீறியது. அந்தத் திமிரில் ஒரு கொண்டை ஊசி வளைவை மூணாவது கியரிலேயே ஏற்றப் பார்த்தேன். இன்ஜின் அணைந்து வண்டி பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரன் விடாமல் ஹாரன் அடித்தான்.

அப்பா திட்டவில்லை. கதவைத் திறந்து இறங்கினார்.

"காலேஜையும் இப்பிடித்தான பாதியில நிறுத்துன. நான் பஸ்ஸுலயே வாரேன் சாமி, நீ பாத்து வா."

பஸ் அவரை ஏற்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. ஊர் வரைக்கும் அதன் பின்னாலேயே ரெண்டாவது கியரில் ஊர்ந்தேன். முந்த இடம் கிடைத்தும் முந்தவில்லை. கடைசி சீட்டில் அப்பாவின் தலை தெரிந்தது. ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.