மூன்று நாடு சுற்றிய லாட்

ஜூலை 7, 2025, திங்கள்

காலை ஆறரைக்குச் சிங்கப்பூர், பத்தரைக்குத் துபாய், பதினொன்றரைக்கு லிதுவேனியா. மூன்று ஆபீசும் வரிசையாக விழிக்கும். நான் ஒருத்தி போடியில் உட்கார்ந்து மூன்றுக்கும் விழித்திருக்க வேண்டும். இன்று இட்லியைத் தொடும்போது மணி பன்னிரண்டு.

இந்த வேலையில் சேர்ந்து பதினான்கு மாதம். பிட்காயின் மாதிரி நாணயங்களை வாங்கி விற்கிற சந்தை எங்கள் கம்பெனி. சந்தை ஒன்று, சட்டம் மூன்று. ஒரு நாட்டில் சரி என்பதை அடுத்த நாட்டில் தப்பு என்பார்கள். மூன்று நாட்டு வியாபாரத்தையும் பார்த்து, ஏதாவது கோணலாகத் தெரிந்தால் சொல்வது என் வேலை. பால்பாண்டி ஜீப்பு ஸ்டாண்டில், "எம் பொண்டாட்டி மூணு நாட்டுக்குப் போலீசு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம். கட்டிய புருஷன் பெருமைப்பட்டால் கசக்கவா செய்யும்? சொல்லட்டும்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று ஒன்று பிடித்தேன்.

மூன்று மாதமாக விலை ஏறிக்கொண்டே போகிற ஒரு சின்ன நாணயம். யார் அப்படி அடித்துப் பிடித்து வாங்குகிறார்கள் என்று பார்த்தேன். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் நான்கு லட்சம் நாணயம் விற்கிறார். துபாயில் ஒருவர் வாங்கி, 3,99,600 விற்கிறார். லிதுவேனியாவில் ஒருவர் வாங்கி, 3,99,200 விற்கிறார். அதை வாங்குவது மறுபடியும் அந்தச் சிங்கப்பூர்க்காரர். ஒவ்வொரு கை மாறும்போதும் எங்கள் கமிஷன் அளவுக்குத் துளி குறைகிறது. மற்றபடி ஒரே சரக்கு.

ஏலக்காய் ஏலக் கம்பெனியில் ஆறு வருடம், ஏலத்துக்கு வருகிற சாக்குகளின் லாட் நம்பரும் எடையும் பதிந்தவள் நான். தன் காயைத் தானே ஆள் வைத்து வாங்கி, சாக்கை மாற்றி அடுத்த ஏலத்துக்கு விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விலை ஏறுகிற மாதிரி தெரியும், காய் மட்டும் ஊரைத் தாண்டாது. ஆனால் ஏலத்துக்கு ஏலம் சாம்பிள் பார்க்கவென்று சாக்கிலிருந்து கொஞ்சம் எடுப்பார்கள். எடை அந்தக் கொஞ்சத்துக்குக் குறைந்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும், வந்த காயே வந்திருக்கிறது என்று.

இதுவும் அதேதான். மூன்று பேர் இல்லை, ஒரே ஆள்.

ஜூலை 9, புதன்

தௌஹீதிடம் சொன்னேன். கம்பத்துப் பையன், துபாய் ஆபீசில் எனக்கு மேலதிகாரி. என்னை இந்த வேலைக்கு எடுத்ததும் அவன்தான். முழுசாகக் கேட்டான், நம்பவில்லை.

"அக்கா, மூணு பேரு, மூணு நாடு, மூணு பாஸ்போர்ட்டு. ஒரே ஆளுன்னு நான் எதை வச்சுச் சொல்ல?"

எடை குறைகிற கணக்கைச் சொன்னேன். "ஏலக்காய் கதையை நான் இங்க யார்கிட்டக்கா சொல்ல?" என்கிறான். அந்தந்த ஆபீஸ் அந்தந்த நாட்டுக் கணக்குப் புத்தகத்தைத்தான் பார்க்கும். ஒரு புத்தகத்தில் பார்த்தால் ஒருவர் வாங்குகிறார், விற்கிறார், வேறொன்றும் இல்லை. அதிலும் அந்தச் சிங்கப்பூர்க்காரர் எங்கள் பெரிய வாடிக்கையாளர்களில் மூன்றாமவர்.

துபாயில் நிரந்தர லைசென்சுக்கு அடுத்த மாதம் விசாரணை. இந்தச் சுற்றை அரசாங்கம் முதலில் கண்டுபிடித்தால் லைசென்ஸ் கிடைக்காது, துபாய் ஆபீசை மூடுவார்கள். அந்த ஆபீஸ் இல்லாவிட்டால் என் வேலையும் இல்லை. இவனுக்கு அது புரியவில்லையா?

ஜூலை 10, வியாழன்

ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வியாபாரி மேல் சந்தேகம் வந்தால் எடுத்த எடுப்பில் பெயரை வெளியே விடமாட்டோம். தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "என்னண்ணே, காயி ஏற்கெனவே பாத்த காயா இருக்கே" என்று கேட்போம். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே லாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நாலு பேர் முன்னால் ஒருத்தர் மானம் போகக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த மரியாதையோடுதான் சிங்கப்பூர்க்காரருக்கு இரண்டு வரி எழுதினேன். நீங்கள் விற்ற நாணயமே உங்களிடம் திரும்பி வருவதுபோல் தெரிகிறது, விளக்க முடியுமா என்று. மற்ற இரண்டு பேரைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஜூலை 11, வெள்ளி, காலை

செத்தேன்.

தௌஹீத் கூப்பிட்டான். குரலே வேறாக இருந்தது.

"யாரைக் கேட்டுக்கா எழுதுனீங்க? லிதுவேனியாக்காரங்க செவ்வாய்க்கிழமையே அவுங்க ஆளு மேல சந்தேகம்னு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்துட்டாங்களாம், நேத்து ராத்திரிதான் எனக்கே சொன்னாங்க. எழுதிக் குடுத்த பெறகு அந்த ஆளு உசாராகுற மாதிரி துப்புக் குடுக்கிறது குத்தம். மூணும் ஒரே ஆளுன்னு சொன்னதும் நீங்கதான். அப்ப யாருக்குத் துப்புக் குடுத்துருக்கீங்க?"

எனக்கு எப்படித் தெரியும்? ஒரு ஆபீசில் எழுதுவதை இன்னொரு ஆபீசுக்குச் சொல்வதே இல்லை. தெரியாது என்றால் விட்டுவிடுவார்களா? இத்தனை நாள் படித்த சட்டமெல்லாம் எங்கே போச்சு என் மண்டையில? டீ வாங்கிக் குடுத்துக் கேக்குறாளாம், பெரிய இவ.

பால்பாண்டி ஆறுதல் சொல்ல வந்தார். "சோலி போனாப் போகட்டும் புள்ள. ஜீப்பு ஓடுதுல்ல."

"ஒங்க ஜீப்பு நின்னா நான் போகட்டும்னு சொல்லுவேனா?" என்று கத்திவிட்டேன். ஜீப்புச் சாவியை எடுத்துக்கொண்டு குரங்கணிக்குச் சவாரி போய்விட்டார். எனக்கு இந்த வேலை வேண்டும். அவரிடம் அதைக் கத்தாமல் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 11, மாலை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

11.42: சிங்கப்பூர்க்காரர் தன் கணக்கில் இருந்த அத்தனையையும் வெளியே எடுக்க மனுப்போட்டார். 11.46: துபாய் ஆள். 11.51: லிதுவேனியா ஆள். ஒன்பது நிமிடத்தில் மூன்று பேரும். மூன்றும் போகச் சொன்னது வெளியே உள்ள ஒரே கணக்கு முகவரிக்கு.

நான் எழுதியது ஒருத்தருக்கு. ஓடியது மூன்று பேர்.

எங்கள் கம்பெனியில் புது முகவரிக்குப் போகிற எதுவும் ஒரு நாள் நின்றுதான் போகும். ஆக எல்லாம் உள்ளேயே நிற்கிறது. முடக்கியாயிற்று.

தௌஹீதிடம் திரையைக் காட்டினேன். மூன்று மனுவின் முகவரியையும் எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தான். பிறகு மெதுவாக, "அக்கா, அந்த எடை குறையிற கணக்கை இன்னொருக்கா சொல்லுங்க. எழுதிக்கிறேன்" என்றான். சொன்னேன். நிறுத்தி நிறுத்தி, அவன் எழுதி முடிக்கிற வரை சொன்னேன். அதில் எனக்கு இருந்த சுகத்தை எங்கே போய்ச் சொல்ல?

ஜூலை 12, சனி

பால்பாண்டிக்குக் கோழி வாங்கிக் குழம்பு வைத்தேன். இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார்.

ஜூலை 16, புதன்

கம்பெனி வக்கீல், சிங்கப்பூர்க்காரி, இரண்டு மணி நேரம் என்னை உலுக்கி எடுத்தாள். என்றைக்கு எழுதினேன், யாருக்கு எழுதினேன், லிதுவேனியா எழுதிக் கொடுத்தது முன்பே தெரியுமா, ஏன் மேலதிகாரியைக் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். வழக்கம், டீ, மானம் எல்லாம்.

கடைசியில் அவள் சொன்னது: நான் எழுதிய அன்று அந்தச் சிங்கப்பூர்க் கணக்கின் மேல் எந்த நாட்டிலும் சந்தேகம் பதியவில்லை. விளக்கம் கேட்பது அங்கே அன்றாட நடைமுறை. அதே இரண்டு வரியை லிதுவேனியா ஆளுக்கு எழுதியிருந்தால் இந்நேரம் அவள் எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பாளாம்.

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. கேட்காமல் எழுதியது தவறு என்று. தவறுதான். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வேலை இருக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

துபாய் விசாரணை முடிந்தது. சுற்றை நாமே பிடித்தோம், நாமே நிறுத்தினோம், மூன்று அரசாங்கத்துக்கும் நாமே சொன்னோம் என்று தௌஹீத் எடுத்து வைத்தானாம். அந்த அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், மூன்று புத்தகத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தது யார் என்று.

அதனால் என்னையும் வீடியோவில் இழுத்தார்கள். பின்னால் துவைத்துக் காயப்போட்ட சேலை தெரிகிறதா என்றுதான் எனக்குக் கவலை. பத்து நிமிடம் பேசினேன். தடுமாறாமல் பேசினேன். நானா அது?

சாயங்காலம் தௌஹீத் கூப்பிட்டான். "லைசென்ஸ் வந்துருச்சுக்கா. இனிமே மூணு நாட்டுப் புத்தகமும் ஒரே மேசையில பாக்கணும்னு முதலாளி சொல்லிட்டாரு. அந்த மேசை போடியிலதான். ஒங்களுக்கு ரெண்டு ஆளு எடுத்துக்கங்க."

முதல் ஆள் ரோஜா. ஏலக் கம்பெனியில் எனக்குப் பக்கத்து நாற்காலி. விஷயத்தைச் சொன்னதும், "எனக்குக் கிரிப்டோல்லாம் தெரியாதே ஆத்தா" என்றாள். எடை பார்க்கத் தெரியும் அல்லவா, போதும்.

சந்தோஷமாக இருக்கிறது. வேறு எப்படி எழுத?

செப்டம்பர் 3, புதன்

காலையிலிருந்து மழை. ரோஜா ஏழு மணிக்கே நனைந்துகொண்டு வந்துவிட்டாள்.

சிங்கப்பூர், துபாய், லிதுவேனியா மூன்றிலிருந்தும் இன்று ஒரே கேள்வி வந்தது. ஒரு வாடிக்கையாளர் மேல் சந்தேகம் இருக்கிறது, அவரிடமே விளக்கம் கேட்டு எழுதலாமா, மேடம்? சிங்கப்பூருக்கு எழுதலாம் என்றேன். துபாயில் அரசாங்கத்துக்கு எழுதுவதா என்று நாளைதான் முடிவாகும், அதுவரை பொறுக்கச் சொன்னேன். லிதுவேனியாவில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாயிற்று, அங்கே வாயே திறக்க வேண்டாம் என்றேன். மூன்று பேரில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.