பங்களாவில் கை நனைத்தது

ஏரிக்கரை பங்களா,
விக்கிரமங்கலம் அருகில்.
14.6.1981

அன்புள்ள உண்ணாமலைக்கு, உன் அண்ணி பஞ்சவர்ணம் பிரியத்துடன் எழுதுவது.

மேலே இருக்கிற முகவரியைப் பார்த்துப் பதறாதே. ஆமாம், உன் மாமனார் பூமாலை வாட்ச்மேனாக இருக்கிற அதே பங்களாதான். நானும் உன் அண்ணனும் இங்கே வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. யாரும் யாரோடும் அடித்துக்கொள்ளவில்லை. பிலாயில் நீ, மாப்பிள்ளை, பயல் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஏரி மதகு இடிந்து கிடக்கிறது. மழைக்கு முன்னால் கட்டி முடிக்கச் சொல்லி, ஓவர்சியர் என்று உன் அண்ணனை அனுப்பிவிட்டார்கள். நீ வீட்டை மீறி ராசாங்கத்தைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து இந்தப் பக்கம் வேலை வந்தாலே லீவு போட்டுத் தப்பித்த மனுஷன். இந்தத் தடவை லீவு கிடைக்கவில்லை. தங்குவதற்குப் பங்களாவை விட்டால் வேறு இடமும் இல்லை.

அதனால் ஸ்டவ், அரிசி, பருப்பு, ஊறுகாய், கூடவே என்னையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். பெண் பார்க்கப் போகிற வீட்டில்கூட முடிவாகிற வரை கை நனைக்காத குடும்பம் ஆயிற்றே உங்களுடையது. சாப்பிட்டுவிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று ஆகிவிடுமாம். உன் மாமனார் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே எனக்கு உத்தரவு. நீயானால் பயலுக்கு மொட்டை தாய்மாமன் மடியில் வைத்துத்தான் என்று மூன்று வருஷமாக முடியை வளர்த்துக்கொண்டு காத்திருக்கிறாய். மாமன்காரர் இப்படி ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் எனக்கு ஆத்திரம் வருமா வராதா?

பங்களாவைச் சொல்ல வேண்டும். ஏரி வேலையைப் பார்க்கக் குதிரையில் வந்த வெள்ளைக்காரத் துரைகளுக்காகக் கட்டியதாம். கூரை அத்தனை உயரம். நான் இருமினால் அது ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து எனக்கே கேட்கிறது. கட்டிலில் ஏற முக்காலி போட வேண்டும். இறங்கும்போது உன் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டால், மனுஷன் வெட்கப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். உன் மாமனார் வராந்தாவைக் கழுவி வைத்திருக்கிற சுத்தத்துக்குக் கீழேயே சோறு போட்டுச் சாப்பிடலாம். ஊரில் சத்தமே கிடையாது. கடைசி பஸ் போய்விட்டால் தவளையும் நாமும்தான்.

வந்த மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. தலை தூக்க முடியவில்லை. உன் மாமியார் செங்கமலம் நெற்றிக்குப் பற்றுப் போட்டு, கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து கொடுத்தார். நான் மறுபேச்சில்லாமல் குடித்தேன். எனக்குச் சம்பந்தம் அன்றைக்கே ஆகிவிட்டது, போ.

உன் அண்ணனோ டீக்கடைப் பன்னையும் வாழைப்பழத்தையும் தின்றுகொண்டு திரிந்தார். வயிற்றுப் புண்காரர் எத்தனை நாள் தாங்குவார்? ஒரு மதியம் ஏரியிலிருந்து வந்தவர், தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். உன் மாமனார் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மேஜை முன்னால் உட்கார வைத்தார். சுடச்சுடச் சோறும் விரால்மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். நான் உள்ளறைக் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் அண்ணன் தட்டைத் தொடவில்லை.

உன் மாமனார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சார், நான் சம்பந்தியா கூப்புடல. பங்களாவுல தங்குற ஆபீசருக்குச் சமைச்சுப் போடுறது என் வேலை. நீங்க சாப்புட்டா அதுக்கு வேற அர்த்தம் கெடையாது. யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். வயிறு காயாம சாப்புடுங்க."

உன் அண்ணன் தட்டை ஒரு விரல் தள்ளி வைத்தார். அப்புறம், "ஆபீசருக்குப் போடுற சோறுன்னா எனக்கு வேணாம்" என்றார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். உன் மாமனாரும் தட்டை எடுக்கக் கை நீட்டிவிட்டார். உன் அண்ணன் தலையைத் தூக்காமலே சொன்னார்: "சம்பந்தி வூட்டுச் சோறுன்னா, நீங்களும் ஒரு தட்டு எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காருங்க."

இத்தனை வருஷமாக அந்த நாற்காலிகளைத் துடைத்தவர், ஒரு நாளும் உட்கார்ந்ததில்லையாம். நுனியில்தான் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். கடைசியில் மீன் நம்ம ஏரியுடையதா என்று உன் அண்ணன் கேட்டார், அவ்வளவுதான் பேச்சு. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன், உண்ணாமலை. இந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணியது வீண் போகவில்லை.

சாயங்காலம், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா என்று உன் மாமனாரிடம் விசாரித்தார். கவனித்தாயா, 'மாப்பிள்ளை' என்றார். ஆனால் உனக்குக் கடிதம் எழுதப் போகிறேன் என்றதும் பழைய முறுக்கு வந்துவிட்டது. "நான் கூப்புட்டேன்னு எழுதாத" என்றார். சரி, அவர் கூப்பிடவில்லை. எழுதிவிட்டேன்.

இன்று காலை குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மனுஷன் வெறுந்தரையில் சம்மணம் போட்டு, மடியில் தலையணையை வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். என்ன இது என்று கேட்டேன். முட்டி எத்தனை நேரம் தாங்குகிறது என்று பார்க்கிறாராம்.

ரொம்ப நேரம் தாங்காது, தாயி. சீக்கிரம் பயலைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். மூவரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அண்ணி,
மு. பஞ்சவர்ணம்