மங்காத பச்சை

நாள் 41 — 09:30

ஆம்பல் தனிமைக்கூடம், நிலவின் சுற்றுப்பாதை. எழுதுவது அமலோற்பவம் மச்சாது, உயிர் இயற்பியலாளர். உடன் இருப்பவர் பொறியாளர் மொகுதூம் லெப்பை. வேறு யாரும் இல்லை.

சனியின் துணைக்கோளான என்செலாடஸிலிருந்து ஆளில்லாக் கலம் அள்ளி வந்த பனி, பன்னிரண்டு குப்பிகள். பூமிக்கு இறக்கும் முன் அதில் உயிர் உண்டா என்று ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. ஆறு குப்பிகள் முடிந்தன. உப்பும் சிலிக்காவும்தான்.

வாராந்திரச் சோதனை: இருவர் கன்னத்தின் உட்புறச் செல்களையும் சுரண்டி ஸ்லைடில் பார்த்தேன். சுத்தம். காற்றழுத்தம் சரி. காப்பித்தூள் தீரப்போகிறது.

நாள் 43 — 11:10

ஏழாவது குப்பி. நீல லேசரைக் கொடுத்தேன், பச்சை திரும்பி வந்தது. உச்சம் 522 நானோமீட்டர். ஒளிர்வு பதினோரு நானோநொடி நீடிக்கிறது. இந்த நிறத்தில் இவ்வளவு நேரம் நீடிக்கும் மூலக்கூறு எதையும் நான் பார்த்ததில்லை.

ஒளிரும் எதுவும் களைத்துப் போகும். லேசர் பட்டுக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் மங்கிச் செத்துவிடும். கோவையில் ஒரு கல்லூரியின் இருட்டறையில் தொடங்கி முப்பத்தொரு வருடம், அந்த மங்கலுக்கு முன்னால் அளந்துவிட வேண்டும் என்று ஓடியதுதான் என் பிழைப்பு.

இது மங்கவில்லை. பத்து நிமிடத்தில் நான்கு சதவீதம் கூடியது. ஒரு மணி நேரத்தில் பத்தொன்பது.

மொகுதூமைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாசி மாதிரி இருக்கு டாக்டர். அழகாத்தான் இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். அதையும் எழுதி வைக்கிறேன்.

நாள் 46 — 10:00

என் கன்னச் செல்லில் பச்சை. 522. பதினோரு நானோநொடி.

ஸ்லைடை மாற்றினேன். மறுபடி சுரண்டினேன். மூன்று முறையும் அதேதான்.

மொகுதூம் குப்பிகளைக் கையாளும் மூடிய கையுறைப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். இடது கையுறையின் மணிக்கட்டு விளிம்பில் மயிரிழை விரிசல். இரண்டு வாரமாக நான் கையை நுழைத்து வேலை செய்த கையுறை அது.

அவருடைய செல்களை நான்கு முறை பார்த்தேன். செல்கள் கெடக் கூடாதே என்று லேசரை மிகக் குறைத்து வைத்துப் பார்த்தேன். சுத்தம்.

நாள் 46 — 17:40

தரைக் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரிவித்தேன். திட்ட இயக்குநர் கோதண்டபாணியின் பதில்: "விதிப்படி சுத்தமானவர் இறங்கணும் மேடம். சான்றுல நீங்க கையெழுத்துப் போட்டா அவரை நேரா வீட்டுக்கே அனுப்பிடலாம்."

மொகுதூம் மறுத்தார். "உங்கள இங்க விட்டுட்டுப் போய் என் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"தம்பி, நீங்க இருந்தா ரெண்டு பேரும் சாவோம். அதுல யாருக்கு என்ன லாபம்?" என்றேன். அவர் மீதியிருந்த காப்பித்தூளை என் அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

சான்றில் கையெழுத்திட்டேன். 17:20க்கு அவர் ஏறிய கலம் பிரிந்தது. பூமிக்கு நான்கு நாள்.

நாள் 48 — 10:05

என் செல்களை நேற்று முழுக்க லேசரில் வைத்திருந்தேன். உட்கரு இல்லை. எதுவுமே இல்லை. வெறும் தோல் பை, அதற்குள் பச்சை. இருட்டில் வைத்த செல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

ஒளிதான் அதற்குச் சாப்பாடு.

கூடத்தின் விளக்குகளை அணைத்துவிட்டேன். இடது கை விரல் நுனிகள் மரத்துப்போயிருக்கின்றன.

10:30

சன்னலோரத் தட்டில் மொகுதூமின் ஸ்லைடு கிடந்தது. இரண்டு நாளாக அதன் மேல் வெயில். எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன்.

பச்சை.

முதலிலேயே இருந்திருக்கிறது. அதை எழுப்ப நான் கொடுத்த ஒளி போதவில்லை. செல்கள் கெடக் கூடாதே என்று பார்த்தேன். பிழை என்னுடையது. யார் இதைப் படித்தாலும் அவர் மேல் பழி போட வேண்டாம்.

10:50

தரைக்கு எல்லா அளவீடுகளையும் அனுப்பினேன். கலத்தைத் திறக்காதீர்கள் என்றேன். கோதண்டபாணி: "மேடம், டிடெக்டர்ல ஒளிக்கசிவு இருக்குன்னு போன மாசம் நீங்களே எழுதியிருக்கீங்க. பொய் ஒளிர்வைப் பத்தின உங்க பேப்பரத்தான் இப்ப மேசைல வெச்சிருக்கோம். கொஞ்சம் ஓய்வெடுங்க."

இருபது வருடத்துக்கு முந்தைய பேப்பர். உயிருள்ள செல்லில் புதிய ஒளிர்வைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அது கருவிக் கோளாறு என்று நான் நிரூபித்தேன். அவர் ஆராய்ச்சியையே விட்டுப் போனார். எனக்கு விருது கிடைத்தது. அன்று நான் சொன்னது சரிதான். இன்று அதே வாக்கியங்களை எனக்கே படித்துக் காட்டுகிறார்கள்.

12:15

கலத்தில் இருந்த மொகுதூமிடம் ரேடியோவில் சொன்னேன். அவர் குரல் வர இரண்டு நொடி ஆனது.

"நேத்துலருந்து வெளக்க அணைச்சாலும் என் கை தெரியுதுக்கா. கண்ணு இருட்டுக்குப் பழகிருச்சுன்னு நெனச்சேன்."

இதுவரை அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

லேசரே இல்லாமல் ஒளிர்கிறது என்றால் அது நான் முப்பத்தொரு வருடம் படித்த ஒளிர்வு இல்லை. வேறு ஏதோ.

"கீழ வெயில்ல என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது தம்பி. ஆனா நானா இருந்தா எறங்க மாட்டேன்."

"என் பொண்ணு ஷமீமா பத்தாவது எழுதியிருக்கா. ரிசல்ட்டுக்குள்ள வந்துருவேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார். பிறகு, "சரிக்கா. எரிபொருள் எவ்வளவு மிச்சம்னு பாக்குறேன்."

நாள் 49 — 09:00

"திருப்பிட்டேன்கா. பூமியைத் தாண்டிப் போயிரும்." அவ்வளவுதான் சொன்னார். குரல் தெளிவாக இருந்தது. நான் ஜெபம் சொன்னேன். அவர் அவருடையதைச் சொன்னார்.

09:40

கலத்தைத் தரை கைப்பற்றிவிட்டது. பழைய பாதைக்கே திருப்பிவிட்டார்கள். அவருடைய இயக்குபலகையையும் பூட்டிவிட்டார்கள். "அவர் குழம்பியிருக்கார் மேடம். நீங்கதான் குழப்பிட்டீங்க."

கலத்தின் விளக்கு இணைப்புகளையெல்லாம் பிடுங்கிவிட்டதாகவும் சன்னலைப் போர்வையால் மூடிவிட்டதாகவும் மொகுதூம் சொன்னார். யாரும் திறக்க முடியாதபடி உள்ளிருந்து கதவைப் பிடித்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னார்.

09:55

மருத்துவக் காரணம் காட்டி என் ஒலிபரப்பை நிறுத்திவிட்டார்கள். இனி கேட்க மட்டும்தான் முடியும்.

நாள் 50 — 12:10

இடது கைக்கு விசை படுவது தெரியவில்லை. விசைப்பலகை தெரிகிறது. கையின் வெளிச்சத்திலேயே தெரிகிறது.

நேரடி ஒலிபரப்பு ஓடுகிறது. வங்காள விரிகுடா, வானம் துடைத்துவிட்டது போல இருக்கிறதாம், நல்ல வெயிலாம். கலத்தைக் கப்பல் தளத்தில் ஏற்றிவிட்டார்கள். உடலைச் சோதிக்கத் தேவையில்லை, சான்று இருக்கிறது என்கிறார் வர்ணனையாளர். என் பெயரைச் சொல்கிறார்.

12:16

"உள்ளேருந்து தட்டுற சத்தம் கேக்குது நேயர்களே! வீட்டுக்குப் போக அவருக்கு எவ்வளவு அவசரம் பாருங்க!"

திறக்கச் சொல்லித் தட்டவில்லை.

12:19

நான்கு பேர் சேர்ந்து கதவை இழுக்கிறார்களாம். துருப்பிடித்தது போல இறுகியிருக்கிறதாம்.

நான் கத்துகிறேன். சுவருக்குத்தான் கேட்கிறது.

12:21

"திறந்தாச்சு! உள்ள அழகா பச்சை வெளக்கு எரியுது. போர்வையைப் போத்திக்கிட்டு மூலைல உக்காந்திருக்கார். வெயிலுக்குத் தூக்கிட்டு வராங்க... கையை வீசுறார், எல்லாருக்கும் கையை வீசுறார்..."

விலகிப் போங்கள் என்கிறார். விலகிப்

12:22

"இப்ப ஒரு ஆச்சரியம். அவருக்கே தெரியாம அவர் மகளைக் கப்பலுக்கு அழைச்சிட்டு வந்திருக்கோம். அதோ, ஷமீமா ஓடி வராங்க"

ஓடாதே

ஷமீமா ஓடா