இவர் நெஞ்சில் இல்லாத ஸ்டென்ட்

ஏப்ரல் 9, புதன்

எட்டாம் வகுப்பு விடைத்தாள் இன்னும் முப்பது பாக்கி. இவர் மாவு மில்லிலிருந்து மத்தியானமே வந்துவிட்டார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். "வெயிலு தேவி" என்கிறார். இவருக்கு எல்லாமே வெயில்தான்.

ஏப்ரல் 16

திருநெல்வேலியில் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். இதயக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். அரசு காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று தைரியமாக ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் நீட்டினேன். அங்கிருந்த ஷெர்லின் என்ற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"அக்கா, போன ஜூலையிலயே குத்தாலத்துல ஒரு ஆஸ்பத்திரில ஸ்டென்ட் வச்சதா இருக்கே. மறுபடி அனுமதி வராது."

டாக்டரிடம் ஓடினேன். "இவர் நெஞ்சுல ஸ்டென்ட்டே இல்லம்மா. இப்பதான பாத்தேன்" என்றார்.

இவர் மட்டும் குனிந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 17

இவர் வாயைப் பிடுங்கிவிட்டேன். போன சீசனில் இவரும் சிநேகிதர் சங்கரபாண்டி அண்ணாச்சியும் இன்னும் இரண்டு பேரும் குற்றாலத்தில் மூன்று நாள் தங்கினார்களே — லாட்ஜில் இல்லையாம். ஆஸ்பத்திரியில்! சீசனில் அறை கிடைக்காது. அட்டையும் கைரேகையும் கொடுத்தால் கட்டில், சாப்பாடு எல்லாம் சும்மா என்று அண்ணாச்சிதான் ஏற்பாடு செய்திருக்கிறார். காலையில் ஐந்தருவிக் குளியல், மத்தியானம் பிரியாணி. டாக்டர் வரும்போது மட்டும் படுத்துக்கொள்ள வேண்டும்.

"செக்கப்னு எழுதுவாங்கன்னு நெனச்சேன்."

காப்பீட்டுப் பணத்த வாங்க, நெஞ்சுக்குள்ள குழாய் வச்சதா எழுதிருக்கான்! பச்சப்பிள்ளையா இந்த மனுசன்? மீசை நரைச்சுப் போச்சு!

நானும் யோக்கியமில்லை. அறை எப்படிக் கிடைத்தது என்று அன்று கேட்கவில்லை. இவர் வாங்கி வந்த ரம்புட்டான் பழத்தை உரித்து உரித்துத் தின்றேன்.

ஏப்ரல் 21

புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து. நாற்பது நிமிடம் கழித்து ஒரு மனிதக் குரல். "சிகிச்சை நடக்கலைங்கறதுக்கு ஆதாரம் இருக்கா?"

நடக்காததுக்கு எங்கய்யா பில்லு வாங்க?

ஏப்ரல் 22

ஷெர்லின் சொன்னாள், ஆஞ்சியோ அறிக்கையே ஆதாரம்தானாம். தென்காசி கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும். "அட்டைய ஏன் குடுத்தீங்கன்னு கேப்பாங்க. மறைக்காதீங்கக்கா."

ஏப்ரல் 24

"என் கணவரின் அட்டையை ஏமாற்றி வாங்கி" — அடித்தேன். "அறியாமல் கொடுத்த" — அதையும் அடித்தேன். மனுவுக்கு நாலு தாள் வீண். என் பிள்ளைகள் இப்படி எழுதினால் முட்டை போடுவேன்.

ஏப்ரல் 25

சங்கரபாண்டி அண்ணாச்சி வந்தார். "நீ மனுக் குடுத்தா நாலு பேரும்லா கோர்ட்டுக்கு அலையணும். வட்டிக்கு வாங்கித் தாரேன், பேசாம ஆபரேசன முடி."

"ஆஸ்பத்திரி கணக்குல ஒங்க நெஞ்சுலயும் அதே குழாய் இருக்கும் அண்ணாச்சி. பத்திரமாப் பாத்துக்கிடுங்க."

இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று போய்விட்டார். இவர் உள்ளே மின்விசிறியைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது. இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா மத்த மூணு பேருல எவன் வருவான்?

ஏப்ரல் 28, திங்கள்

"தாளக் குடு" என்று இவரே கேட்டார். முதல் வரியை மட்டும் எழுதினார்: "என் அட்டையை நானேதான் கொடுத்தேன்." மீதியை நான் எழுதினேன். கலெக்டர் ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்கினோம்.

மே 13

விசாரணைக்கு வந்தார்கள். எதற்காக அட்டையைக் கொடுத்தீர்கள் என்று கேட்டார் அதிகாரி.

"குளிக்க" என்றார் இவர்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மே 29

அனுமதி வந்து, நேற்று ஸ்டென்ட் வைத்தாயிற்று. நிஜமாகவே.

ஜூன் 18

சாரல் தொடங்கிவிட்டது. சங்கரபாண்டி அண்ணாச்சியின் மனைவி சங்கரம்மாள் மதினி வந்தாள். இரண்டு மாதமாக என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவுகளுக்குப் படியேறினா நெஞ்ச அடைக்குதுங்காவ தேவி. ஆஸ்பத்திரில போனா, ஏற்கெனவே வச்சாச்சேன்னு சொல்லுதாங்க. அந்த மனுவ எப்படி எழுதுன?"

திட்டுவதற்கு நூறு வார்த்தை வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தேன்.

"மொத வரிய நான் எழுத முடியாது மதினி. அத அண்ணாச்சிதான் எழுதணும்."